ஏகாதசியா, துவாதசியா

ஜன்னல் பக்கம் நான் உட்கார்ந்துகொள்ளட்டுமா சார்? காற்றுக்காக இல்லை. எதிரே வருகிற பஸ்களைப் பார்க்க வேண்டும். ரொம்ப உபகாரம்.

ஆமாம், பாபநாசம்தான். இன்றைக்கு இந்த பஸ்ஸில் வேறு எங்கே போவார்கள்? ஆடி அமாவாசை. எல்லார் மடியிலும் எள்ளுப் பொட்டலம், கையில் மாற்று வேட்டி. நீங்கள் யாருக்கு? அப்பாவுக்கா. நல்லது. வருஷத் திதியும் உண்டு, அமாவாசைத் தர்ப்பணமும் உண்டு. அப்படித்தான் இருக்க வேண்டும். நான் தர்ப்பணத்துக்குப் போகவில்லை. என் மதினியைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன்.

மதினி என்றால் அண்ணன் சம்சாரம். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கமா? அங்கே அண்ணி என்பீர்கள். மின்சார வாரியத்தில் இஞ்சினியரா? அப்படியானால் நான் சொல்வது உங்களுக்குப் புரியும். கணக்கு தெரிந்த ஆளிடம் பேசி எவ்வளவு காலம் ஆயிற்று. நானும் கணக்கு வாத்தியார்தான், டவுன் ஹைஸ்கூலில்.

காலையில் எழுந்து பார்த்தால் மதினி இல்லை. வாசலில் கோலம் போட்டிருக்கிறது. டிகாஷன் இறக்கி வைத்திருக்கிறது. பீரோச் சாவி அடுப்படி ஆணியில் தொங்குகிறது. அந்தச் சாவி என் இடுப்பில் இருக்க வேண்டியது சார். பீரோவைத் திறந்தேன். அண்ணன் வாட்சைக் காணோம். வேறு ஒன்றும் போகவில்லை. வாட்ச் மட்டும். என் சம்சாரம் கோமதியைக் கேட்டால், "முதல் பஸ்ஸுக்குப் போயிட்டாவ, பாபநாசத்துக்கு" என்கிறாள், ஏதோ மதினி கடைக்குப் போன மாதிரி. "ஏன் என்னை எழுப்பலை?" என்றேன். "எழுப்பினா விட்ருப்பீங்களா?" என்றாள். இப்படி ஒரு கேள்வி.

எதற்குப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தாலியைக் கழற்றப் போயிருக்கிறாள்.

உலகத்தில் எந்தப் பெண்ணாவது என் தாலியை அறுத்துவிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்பாளா? நீங்களே சொல்லுங்கள். என் மதினி கேட்டாள். ஒரு தடவை இல்லை, பல தடவை கேட்டாள். நாங்கள் அறுக்கவில்லை. ஊரில் எந்த வீட்டிலாவது மகன் செத்த பிறகும் மருமகளைப் பூவும் பொட்டுமாக வைத்திருந்ததுண்டா? நாங்கள் வைத்திருந்தோம். அந்த நன்றி வேண்டாமா சார் ஒரு மனுஷிக்கு?

முதலிலிருந்து சொல்கிறேன். ஊர் போய்ச் சேர நேரம் இருக்கிறது. கல்லிடைக்குறிச்சியைத் தாண்டினால் பஸ் நகராது, இன்றைக்குக் கூட்டம் அப்படி.

என் அண்ணன் பேர் ஆவுடையப்பன். எனக்கு ஐந்து வயது மூத்தவன். எதையும் பிரித்துப் போட்டுப் பார்க்கிற கை. வீட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்தான். சைக்கிளைப் பிரித்தான். பக்கத்து வீட்டுக் கிராமபோனைப் பிரித்து அப்பாவிடம் அடி வாங்கினான். எல்லாவற்றையும் திரும்ப மாட்டினான், அது வேறு விஷயம். ஜெர்மன் சண்டை வந்தபோது மதராசுக்குப் போய் விமானப் படையில் பேர் கொடுத்துவிட்டு வந்தான். அப்பா ஒரு வாரம் பேசவில்லை. அம்மா யோசித்தாள். கல்யாணம் பண்ணி வைத்தால் போக மாட்டான் என்று தென்காசியில் பெண் பார்த்தாள். உலகம்மை. எட்டாம் வகுப்பு தேறியிருந்தாள். கல்யாணமும் ஆயிற்று, மூன்று மாதத்தில் அண்ணன் கப்பலும் ஏறிவிட்டான். அதற்கு முன்னால் லாகூரில் கொஞ்ச நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். மீதியை இங்கிலாந்தில் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

ரயிலேற்ற எல்லோரும் போயிருந்தோம். அண்ணன் அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டான். பிறகு மதினியைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய்த் தன் வாட்சைக் காட்டி என்னவோ சொன்னான். அதற்கு அவள் சிரித்தாள். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. வழியனுப்புகிற இடத்தில் என்ன சிரிப்பு?

ஒரு வருஷத்துக்குள் தந்தி வந்தது, ஆனி மாதம். வாசித்தது நான்தான், வீட்டில் எனக்குத்தான் இங்கிலீஷ் சரளம். பயிற்சிப் பறப்பில் நேர்ந்த விபத்தில் இறந்தார், வருந்துகிறோம், இன்ன தேதி. அவ்வளவுதான். மதினி தோசைக்கு ஆட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுரல் சத்தம் நின்றது. அம்மா தந்தியை வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "நீ ஆட்டுளா. மாவு வீணாப் போயிரும். எவனோ எதையோ தப்பா எழுதியிருப்பான்" என்றாள். மதினி ஆட்டி முடித்தாள்.

பிறகு பெரிய உத்தியோகஸ்தர் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. சாயங்காலப் பயிற்சி, மேகம் இறங்கிவிட்டது, விமானம் ஒரு குன்றில் மோதி நொறுங்கியது, கூட இருந்த வெள்ளைக்கார வாத்தியாரும் போய்விட்டார், இருவரையும் அங்கே ஒரு மாதா கோயில் தோட்டத்தில் மரியாதையோடு அடக்கம் செய்தோம் என்று. ஒரு போட்டோவும் இருந்தது. மண் மேடு, பேர் எழுதிய பலகை, புல். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல என் பிள்ளை எங்கடா இருக்கான்?" என்றாள்.

துக்கம் கேட்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. எதிர்வீட்டுச் சொக்கலிங்கம் பிள்ளை, "சண்டையிலயா?" என்று கேட்டார். "இல்லை, பழகும்போது" என்றார் அப்பா. "பழகும்போதா?" என்று ஒரு மாதிரி இழுத்தார் அவர். கார் ஓட்டிப் பழகுகிறவன் வேலியில் மோதின மாதிரி. அதற்குப் பிறகு அப்பா வெளி ஆட்கள் யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

இப்போதுதான் சார் முக்கியமான இடம். பதினாறாம் நாள் காரியம் செய்ய வேண்டும். உடம்பு இல்லாவிட்டால் தர்ப்பையில் உரு செய்து எரிக்கலாம், சாஸ்திரத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதற்குத் திதி வேண்டும். அப்பா வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பிரித்தார். தந்தி சொன்ன தேதியில் இரண்டு திதி. ராத்திரி வரைக்கும் ஏகாதசி, அப்புறம் துவாதசி. எந்நேரத்தில் உயிர் போயிற்று என்று தெரிந்தால்தானே எந்தத் திதி என்று சொல்ல முடியும்? தந்தியில் நேரம் இல்லை. கடிதத்தில் "சாயங்காலம்" என்று இருக்கிறது. வெள்ளைக்காரன் சாயங்காலம் என்றால் எது? அங்கே ஆனி மாதத்தில் ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்குமாம். அது பற்றாதென்று சண்டைக்காகக் கடிகாரத்தையே இரண்டு மணி நேரம் தள்ளி வைத்திருந்தார்கள். நம் சர்க்காரும் இங்கே ஒரு மணி நேரம் தள்ளி வைத்திருந்தது. பார்த்தீர்களா? அவன் மணி வேறு, நம் மணி வேறு, சூரியன் மணி வேறு. இதில் புரோகிதர் ஐயர் திருக்கணிதப் பஞ்சாங்கக்காரர். அவர் கணக்கில் ஏகாதசி முடிகிற நேரமே வேறு.

ஐயர் ஒரு வழி சொன்னார். "திதி தெரியலைன்னா அமாவாசையிலே செஞ்சிடலாம் பிள்ளைவாள். தோஷமில்லை."

அப்பா எழுந்துவிட்டார். "ஊரும் பேரும் தெரியாத அநாதைக்குக் குடுக்கிற திதியையா என் பிள்ளைக்குக் குடுக்கச் சொல்லுதீரு? அவனுக்குத் தகப்பன் இருக்கேன். தம்பி இருக்கான். கண்டுபிடிப்போம்."

கண்டுபிடிக்கிற பொறுப்பு என்னிடம் வந்தது. இண்டர்மீடியட்டில் கணக்கில் நான்தான் முதல்.

என்ன, பஸ் நின்றுவிட்டதா? ரயில்வே கேட். சரிதான், அம்பாசமுத்திரம் வந்தாயிற்று. இனி ரயில் போனால்தான். அந்தப் பக்கமும் வரிசை நிற்கும். படிக்கட்டில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் பாருங்கள். ஒரு அவசரத்துக்கு இறங்கக்கூட முடியாது.

எங்கே விட்டேன்? ஆங், நேரத்தைக் கண்டுபிடிப்பது. அந்த வருஷம் கார்த்திகையில் அண்ணனுடைய சாமான்கள் பார்சலில் வந்தன. உடுப்பு, சவரக் கத்தி, மதினி போட்ட கடிதங்கள், கூடவே அவன் வாட்ச். பத்து இருபதில் நின்றிருந்தது.

அப்பா அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நேரம் கிடைத்துவிட்டதே. விமானம் சுக்குநூறாகப் போயிருக்கிறது, வாட்சில் ஒரு கீறல் இல்லை சார். கண்ணாடி அப்படியே பளபளவென்று இருந்தது. "என் பிள்ளை நேரத்தைச் சொல்லிட்டுப் போயிருக்கான். அதுக்காகத்தான் சாமி இதைக் காப்பாத்தியிருக்கு" என்று அம்மா அழுதாள். அன்றைக்குத்தான் அவள் முதல் முதலாக அழுதாள்.

உடனே நான் சொன்னேன்: யாரும் இதைத் தொடக்கூடாது, சாவி கொடுக்கக்கூடாது. முள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் ஆதாரம் போயிற்று. பட்டுத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினோம். அன்றிலிருந்து அது இந்தக் காலை வரை அங்கேதான் இருந்தது. எத்தனை வீடுகளில் ஒரு சாமானை இவ்வளவு பத்திரமாக வைத்திருப்பார்கள்?

ஆனால் கணக்கு முடியவில்லை. பத்து இருபது சரி. எந்த ஊர் பத்து இருபது? வாட்சில் இங்கிலாந்து மணி ஓடிற்று என்றால் நமக்கு நடுநிசி தாண்டிவிடும், துவாதசி. நம்மூர் மணி ஓடிற்று என்றால் ஏகாதசி. ஒரு வாட்ச், இரண்டு திதி. நீங்கள் இஞ்சினியர், இதன் சிக்கல் உங்களுக்குப் புரியும். எங்கள் வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

அப்போதுதான் மதினி வந்தாள். மாமனாரிடம் நேரே பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. மாமியாரிடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. அதனால் என்னிடம் வந்தாள். நான் முற்றத்தில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி, அது நம்ம ஊர் மணிதான்" என்றாள்.

"எப்படிச் சொல்லுதீங்க மதினி?"

"ரயிலடியில வச்சு உங்க அண்ணன் சொன்னாவ. வேலைக்கு அங்க வேற வாட்ச் குடுப்பாங்களாம். இதை மாத்த மாட்டேன், இதுல எப்பவும் நம்ம வீட்டு மணிதான் ஓடும், நீ விளக்கு ஏத்துற நேரம் எனக்குத் தெரியணும்லான்னு சொன்னாவ."

கேட்கிற எனக்கே கூச்சமாகப் போயிற்று. புருஷன் பெண்டாட்டி தனியாகப் பேசினதை எல்லாம் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? இருந்தாலும் நான் மரியாதையாகத்தான் பதில் சொன்னேன். "மதினி, நீங்க சொல்லுதது உண்மையாகவே இருக்கலாம். ஆனா கணக்குன்னா ஆதாரம் வேணும். அதோட, அண்ணன் கப்பலேறினப்ப நம்ம மணியைத் தள்ளி வச்சாச்சா, இல்லையா? பழைய நம்ம ஊர் மணியா, புது நம்ம ஊர் மணியா?" என்று கேட்டேன்.

அவள் என் தாளில் இருந்த எண்களைப் பார்த்தாள். அப்புறம், "ஏதாவது ஒண்ணைப் போட்டு முடிச்சிருங்க தம்பி" என்றாள். "எதுன்னாலும் சரி. எனக்கு முடிஞ்சாப் போதும்."

ஏதாவது ஒன்று. செத்தவனுடைய திதி சார். ஏதாவது ஒன்றா? படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றால் இப்படித்தான்.

அவளுக்கு என்ன அவசரம் என்று பிற்பாடு தெரிந்தது. அவள் அண்ணன் சட்டநாதன் தென்காசியிலிருந்து வந்தார். கையில் கோடிச் சேலை. காரியம் முடிந்த அன்று பிறந்த வீட்டிலிருந்து கோடி போடுவார்களே, அதை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். டீச்சர் டிரெயினிங்கில் விதவைகளுக்கு என்று இடம் ஒதுக்குகிறார்களாம், சம்பளமும் உண்டாம், உலகம்மையைச் சேர்க்கப் போகிறேன், அனுப்பி வையுங்கள் என்றார்.

அப்பா நிதானமாகத்தான் பேசினார். "காரியம் ஆகலை. காரியம் ஆகாம அவ விதவை இல்லை. விதவை இல்லாதவளுக்கு விதவை இடத்தை எப்படி வாங்குவீரு?"

"அப்ப எப்ப மாமா ஆகும்?"

"திதி தெரிஞ்ச அன்னைக்கு ஆகும்."

"சரி, அதுவரைக்கும் எங்க வீட்டுல இருக்கட்டும்."

"புருஷன் உத்தரவு இல்லாம சுமங்கலிப் பெண்ணை எப்படி அனுப்புறது?"

சட்டநாதன் விடவில்லை. "மாமா, அத்தான் செத்துட்டாரா, இருக்காரா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கேள்வியே தப்பு சார். தர்க்கத்தில் இதற்குப் பேர் இருக்கிறது, இப்போது ஞாபகம் வரவில்லை. சட்டநாதன் கோடிச் சேலையைத் திரும்பத் துண்டில் முடிந்துகொண்டு போய்விட்டார். சாப்பிடக்கூட இல்லை. மதினி அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை, அவ்வளவுதான்.

விடாமல் முயற்சி செய்தோம். விமானப் படைக்கு எழுதினேன், அந்த ஊர் பாதிரியாருக்கு எழுதினேன். சண்டை நேரம், யார் பதில் போடுவார்கள்? சண்டை முடிந்தது. சுதந்திரம் வந்தது. அப்பா போனார். அவருக்கு நல்ல சப்தமி, ஒரு குழப்பமில்லை. பொறுப்பு முழுக்க என் தலையில் விழுந்தது. நான் விட்டுவிடவில்லை. அந்தத் தாள்கள் எல்லாம் இன்னும் என் மேஜையில் இருக்கின்றன.

மதினிக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வருஷாவருஷம் ஆடிப் பெருக்குக்குப் புது மஞ்சள் கயிறு. முதலில் அம்மா கட்டினாள், அம்மாவுக்குப் பிறகு கோமதி கட்டினாள். கோமதிக்கு மூச்சிரைப்பு, கல்யாணமான இரண்டாம் வருஷத்திலிருந்தே. என் பிள்ளைகள் மூன்றையும் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது எல்லாம் மதினிதான். அம்மா கடைசியில் படுக்கையில் கிடந்தபோது பீ மூத்திரம் அள்ளியதும் அவள்தான். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அதற்காகச் சொல்லவில்லை. கணக்கு முடியாததற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

பென்ஷனா? வந்தது. மாசாமாசம் கஜானா ஆபீசில் போய் அவளே கையெழுத்துப் போட வேண்டும். "காலஞ்சென்ற ஆவுடையப்பன் விதவை" என்று இருக்கும். போகும்போது சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா குங்குமச் சிமிழை நீட்டுவாள். சிரிக்காதீர்கள். அது சர்க்கார் கணக்கு, இது சாஸ்திரக் கணக்கு.

ஊர்தான் மோசம். வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிடாமல் இருக்கவும் பயம், ஏதோ ஒரு மூலையில் உட்காரச் சொல்லி வெற்றிலையை மட்டும் கையில் திணித்து அனுப்புவார்கள். எதிரே அவள் வந்தால் நல்ல சகுனமா கெட்ட சகுனமா என்று தெரியாமல் திகைத்து நிற்பார்கள். சொக்கலிங்கம் பிள்ளை ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டவர், மதினி தண்ணீர்க் குடத்தோடு வந்ததும் அப்படியே நின்றார். போவதா வேண்டாமா என்று தெரியவில்லை. "ஏ தாயீ, நீ முதல்ல உள்ள போ, நான் அப்புறம் பாத்துக்கிடுதேன்" என்றார். எங்கள் பிள்ளைகள் அதை நடித்துக் காட்டிச் சிரிக்கும். மதினியும் சிரிப்பாள்.

அம்மா சாகும் வரைக்கும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள். "ஆகாசத்துல செத்த பிள்ளை. காரியம் ஆகலைல்லா, இன்னும் அங்கனயே நிக்கான். ஏறவும் முடியலை, எறங்கவும் முடியலை." ஒரு நாள் மதினி அவளுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டே, "அவுக மட்டுமா அத்தை?" என்றாள். அம்மாவுக்குக் காது கேட்காது அப்போது. எனக்குக் கேட்டது.

இந்த வருஷம் தை மாதம் என் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். வளர்த்தது மதினி. தாலிக்கு மஞ்சள் வைத்து ஆசீர்வாதம் வாங்கத் தட்டு சுற்றி வந்தது. மதினி கையை நீட்டினாள். மாப்பிள்ளையின் அத்தை தட்டைச் சட்டென்று அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். "யாராருக்கு என்ன நிலைன்னு விவரமாத் தெரியலை பாருங்க, அதான்" என்றாள். நூறு பேர் பார்க்கிறார்கள். நான் என்ன செய்ய முடியும்? பெண் வீட்டுக்காரன். மதினியிடம் போய், "பொறுத்துக்கிடுங்க மதினி, பந்தியைக் கொஞ்சம் பாருங்க" என்றேன். அவள் எழுந்து போய்ப் பந்தியைப் பார்த்தாள்.

மறுநாள் பாத்திரங்களை எல்லாம் எண்ணி உள்ளே வைத்துவிட்டு என்னிடம் வந்தாள். "தம்பி, நான் யாரு?" என்றாள்.

"என்ன மதினி இது?"

"அந்த அம்மா கேட்டதுல தப்பில்லை. என் நிலை என்ன? சுமங்கலியா, அறுதலியா? ஒண்ணு சொல்லுங்க. ஏதாவது ஒண்ணு."

நான் பொறுமையாகச் சொன்னேன். லண்டனில் பழைய ரிக்கார்டுகளைத் திறந்துவிடப் போகிறார்களாம், பேப்பரில் போட்டிருக்கிறது, இன்னும் கொஞ்ச காலம் பொறுத்தால் நிச்சயமாகத் தெரிந்துவிடும் என்று. அவள் தலையை ஆட்டினாள். "சரி தம்பி" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. சமாதானமாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன். இன்றைக்கு இப்படி.

ரயில் போய்விட்டது. கேட்டைத் தூக்குகிறான். பாருங்கள், இந்தப் பக்கத்து பஸ்ஸும் அந்தப் பக்கத்து பஸ்ஸும் ஒரே சமயத்தில் நுழைந்து... இனி உரசிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தா. சார், அந்தா, எதிர் பஸ்ஸில், மூன்றாவது ஜன்னல். மதினி. மதினி, இங்க பாருங்க. நான்தான்.

கழுத்தைப் பார்த்தீர்களா? ஒன்றும் இல்லை. நெற்றியில் திருநீறு மட்டும். முடித்துவிட்டாள். புதுச் சேலை, மடிப்பே கலையவில்லை. பக்கத்தில் யார் அது, தலை நரைத்து? சட்டநாதன். சட்டநாதன்தான். அந்தக் கோடிச் சேலையை இத்தனை வருஷமாகப் பெட்டியிலா வைத்திருந்தார்?

இடம் விடுங்கள், நான் இறங்க வேண்டும். ஏம்பா, கொஞ்சம் வழி விடுங்க. கண்டக்டர், நிறுத்துங்க. என்னது? நிற்கிற பஸ்ஸை எப்படி நிறுத்துவது என்றா கேட்கிறான்? கிண்டலைப் பாருங்கள். காலை எடுக்க முடியவில்லையே.

மதினி, யாரைக் கேட்டுச் செஞ்சீங்க? எந்தத் திதியில செஞ்சீங்க? ஏகாதசியா, துவாதசியா?

என்ன சொன்னாள்? இந்த இரைச்சலில் எனக்குக் காதில் விழவில்லை. உங்களுக்குக் கேட்டதா? "அமாவாசை" என்றாளா? அநாதைக்குச் செய்கிற மாதிரி அமாவாசையில் செய்துவிட்டாளா? அப்பா இருந்தால்... அப்புறம் என்னவோ சொன்னாளே. "மாவு ஆட்டி வச்சிருக்கேன், நாளைக்கு வரைக்கும் வரும்" என்றாளா? அதுவா இப்போது முக்கியம்?

கையைப் பாருங்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்திருக்கிற கையை. அண்ணன் வாட்ச். கட்டிக்கொண்டிருக்கிறாள். மதினி, அதுல சாவி கொடுக்கலைல்லா? முள்ளைத் தொடலைல்லா?

"சாவி குடுத்தேன் தம்பி. ஓடுது." இது எனக்கே கேட்டது. எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறாள். யாரோ பின்னால் மணி கேட்கிறான், அதைப் பார்த்து அவனுக்குப் பதில் சொல்கிறாள். பதினொன்றே கால் என்கிறாள்.

போச்சு சார். இருந்த ஒரே ஆதாரமும் போச்சு. இனி யார் வந்தாலும் அந்தக் கணக்கைப் போட முடியாது.

அவர்கள் பஸ் நகர்ந்துவிட்டது. போர்டைப் பார்த்தீர்களா? தென்காசி. எங்கள் வீடு திருநெல்வேலி டவுனில் இருக்கிறது. பாவம், தனியாகப் போய்ப் பழக்கமில்லை, தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டாள். சட்டநாதனாவது சொல்ல வேண்டாமா?

நம் பஸ்ஸும் எடுத்துவிட்டான். இனி பாபநாசம் வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டுமாம்.

உங்கள் வாட்சில் மணி என்ன சார்? பதினொன்றே காலா? சரியாக இருக்கிறதே. இத்தனை வருஷம் கழித்து நிமிஷம் பிசகாமல் ஓடுகிறதே. ரிப்பேருக்கும் கொடுக்கவில்லை, நேற்று ராத்திரி வரைக்கும் பீரோவில்தான் இருந்தது.

ஒன்று கேட்கிறேன். நீங்கள் மெஷின் தெரிந்தவர். குன்றில் மோதி நின்ற வாட்ச், வெறுமனே சாவி கொடுத்தால் ஓடுமா?

சாவி தீர்ந்துதான் நின்றது என்றால், அந்தப் பத்து இருபது எதன் மணி சார்?